சிவப்பு தணிந்தது, புண் வளர்ந்தது: கடலூர் மாவட்டக் கரும்பு விவசாயி ஒருவரின் கண் குறித்த நிகழ்வு ஆய்வு

கண் சிவந்து வருகிறவரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் கண் மருத்துவர் அல்ல. கிராமச் சுகாதாரச் செவிலியர், மருந்துக்கடைக்காரர், மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் என்னைப் போன்ற கண் மருத்துவ உதவியாளர் ஆகியோர்தாம் முதலில் பார்க்கிறோம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நோயாளியின் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நாள் வரிசை அவரும் குடும்பத்தாரும் சொன்னபடியே இருக்கிறது. மருத்துவமனையில் நடந்தவற்றை, அவர் கையிலிருந்த சிகிச்சைக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

பின்னணி

தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவே, நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி போகும் வழியில் உள்ள ஒரு கிராமம். நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. நோயாளிக்கு 44 வயது. சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் எனக் கரும்பு வைத்திருக்கிறார். மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகள், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். அவருக்குச் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லை. கண்ணுக்கு இதுவரை கண்ணாடிகூடப் போட்டதில்லை.

கார்த்திகை மாதத்தின் பிற்பகுதி. வடகிழக்குப் பருவமழையோடு வந்த காற்றில் கரும்பு சாய்ந்திருந்தது. இந்தப் பக்கத்தில் அந்த நேரத்தில் நடக்கும் வேலை விட்டம் கட்டுவது: காய்ந்த அடிச்சோகையை, அதாவது கரும்பின் கீழ் இலைகளை, உரித்து, அதையே கயிறாக முறுக்கி, எதிரெதிர் வரிசைக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். வேலை செய்பவரின் முகம் முழு நேரமும் சோகைக்குள்ளேதான் இருக்கும். சோகையின் விளிம்பு அரம் போல இருக்கும், சுணையும் உண்டு. மழையில் ஊறிக் காய்ந்த சோகையில் பூஞ்சை படிந்திருப்பதும் வழக்கம்.

அதே வாரங்களில் ஊர்ப் பள்ளியில் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தது. தகப்பனாருக்கு அடிபடுவதற்கு ஒரு வாரம் முன்பே மகனுக்கு அது வந்துவிட்டது. முதலில் ஒரு கண், மறுநாள் இன்னொரு கண். காலையில் இமை ஒட்டிக்கொண்டது, தண்ணீராய் வடிந்தது, காதுக்கு முன்னால் நெறி கட்டியது. பையனை யாரிடமும் காட்டவில்லை. மருந்துக்கடையில் விவரம் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்திருக்கிறார்கள். அது ஓர் ஆன்டிபயாட்டிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த மருந்து. மருந்துச்சீட்டு கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. வைரஸால் வரும் கண்வலி பெரும்பாலும் எந்த மருந்தும் இல்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். பையனுக்கும் வடிந்தது. வீட்டார் கண்ணில் அது அந்த மருந்தின் வெற்றியாகப் பதிந்துவிட்டது. இந்த வழக்கின் முடிச்சு அங்கேயே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டில் கழிந்த நாட்கள்

முதல் நாள் பிற்பகல், சோகையை இழுக்கும்போது அதன் நுனி வலது கண்ணில் பட்டது. "சுரீர் என்றது, அவ்வளவுதான்" என்றார். கண்ணைக் கசக்கிவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் கழுவிக்கொண்டு, மாலை வரை கட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இரவு உறுத்தல் இருந்தது. மாமியார் சொன்னபடி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மறுநாள் நந்தியாவட்டைப் பூவை இமைமேல் வைத்துக்கொண்டு படுத்தார். கண்ணில் எதைப் போட்டீர்கள் என்று கேட்டால் இவற்றை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். திட்டுவோம் என்ற பயம். "பூ வைத்தீர்களா, பால் விட்டீர்களா, எண்ணெய் விட்டீர்களா" என்று இயல்பாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் நாள் கண் நன்றாகச் சிவந்தது. வீட்டில் பையனுக்கு ஏற்கெனவே வந்திருந்ததால் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. "தம்பியிடமிருந்து அப்பாவுக்கு ஒட்டிக்கொண்டது" என்று முடிவுகட்டி, பையனுடைய புட்டியில் மிச்சமிருந்த மருந்தை நாளைக்கு நான்கு வேளை விட ஆரம்பித்தார்கள். சோகை பட்டதை அந்த நேரத்தில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. கரும்புக்கொல்லையில் சோகை படுவது தினமும் நடப்பது, அதை யார் கணக்கில் வைப்பார்கள்?

ஐந்தாம் நாள் சிவப்பு குறைந்தது. வலியும் கொஞ்சம் அடங்கியது. அவர் மீண்டும் கொல்லைக்குப் போனார். ஏழாம் நாள் புட்டி தீர்ந்துபோக, மனைவி அதே மருந்தை அதே கடையில் புதிதாக வாங்கி வந்தார். எட்டாம் நாள் பார்வையில் புகை போலத் தெரிந்தது. சைக்கிளில் போகும்போது எதிர் வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பத்தாம் நாள் இரவு வலி தாங்காமல் தூங்கவே இல்லை. மறுநாள் காலை சுகாதார நிலையத்துக்கு வந்தார். உடன் வந்த மனைவியின் கையில் பிளாஸ்டிக் பையில் அந்தப் புட்டி இருந்தது.

ஸ்டீராய்டு செய்ததைச் சற்று விளக்க வேண்டும். கண் சிவப்பது உடலின் எதிர்வினை. கிருமியோ காயமோ இருக்கும் இடத்துக்கு இரத்தக் குழாய்கள் விரிந்து வெள்ளணுக்களைக் கொண்டுவருகின்றன. ஸ்டீராய்டு அந்த எதிர்வினையை அடக்குகிறது, சோகையோடு கண்ணில் புகுந்த பூஞ்சையைத் தொடுவதில்லை. எனவே சிவப்பும் வலியும் தணிய, தடுப்பார் இல்லாத பூஞ்சை கருவிழிக்குள் (கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலத்துக்குள்) தாராளமாகப் பரவுகிறது. ஐந்தாம் நாளின் "முன்னேற்றம்" அப்படிப்பட்டதுதான். அந்த ஐந்தாம் நாள் மட்டும் இல்லாவிட்டால் இவர் ஆறாம் நாளே எங்காவது காட்டியிருப்பார் என்பது என் கணிப்பு.

சுகாதார நிலையத்தில் கண்டவை

அவர் முதலில் சொன்ன வாக்கியம்: "மெட்ராஸ் ஐ, சார். சிவப்பு விட்டுவிட்டது, வலிதான் போகவில்லை." நோயாளி நோயின் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தால், அந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம்.

பார்வை முதலில். கண் சிவந்து வரும் எவருக்கும், எவ்வளவு கூட்டம் இருந்தாலும், டார்ச்சை எடுப்பதற்கு முன் பார்வையை எழுதிக்கொள்ள வேண்டும். இடது கண் 6/6, அதாவது இயல்பான பார்வை. வலது கண்ணில் பலகையின் பெரிய எழுத்துக்கூடத் தெரியவில்லை, ஒரு மீட்டர் தூரத்தில் விரலை மட்டும் எண்ண முடிந்தது. மெட்ராஸ் ஐயில் பீளை மறைத்துப் பார்வை சற்று மங்கலாகலாம், கண்ணைத் துடைத்துவிட்டால் தெளியும். இவருக்குத் துடைத்த பிறகும் அதே நிலைதான்.

அடுத்து டார்ச். இமை வீங்கியிருந்தது. நீர் வடிந்ததே தவிரப் பீளை அதிகம் இல்லை. இடது கண் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. பதினோரு நாளாகியும் ஒரு கண்ணிலேயே நிற்கும் "மெட்ராஸ் ஐ" இருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை நம்பக் கூடாது.

சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கண்வலியில் சிவப்பு இமையை விலக்கினால் தெரியும் ஓரப் பகுதியில் அதிகமாகவும் கருவிழியை நெருங்க நெருங்கக் குறைவாகவும் இருக்கும். கீழிமையின் உட்புறமும் செக்கச்செவேல் என்றிருக்கும். இவருக்கு அது தலைகீழாக இருந்தது. ஓரம் ஏறக்குறைய வெளுத்திருந்தது, கருவிழியைச் சுற்றி ஊதா கலந்த சிவப்பு வளையம். இப்படி வளையம் கட்டினால் தொந்தரவு கருவிழியிலோ அதற்கு உள்ளேயோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கருவிழியின் நடுவிலிருந்து சற்றுக் கீழே, மூக்குப் பக்கமாகத் தள்ளி, சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் அகலம். வழவழவென்று ஈரமாக இல்லாமல் உலர்ந்து, சற்றே மேடாகத் தெரிந்தது. விளிம்பு தெளிவாக வெட்டியதுபோல் இல்லை, இறகின் ஓரம்போல் நார்நாராகப் பிரிந்து சுற்றிலும் உள்ள தெளிவான பகுதிக்குள் ஓடியது. அதை அடுத்து ஊசிமுனையளவில் இன்னும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஃப்ளோரசீன் என்ற சாயம் தோய்த்த தாளை நனைத்துத் தொட்டுவிட்டு, கண்ணைப் பார்க்கும் கருவியான ஆப்தால்மோஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் பார்த்தபோது நடுப்புள்ளி பச்சையாக ஒளிர்ந்தது. மேல்தோல் போய்விட்டது, அது புண். கண்மணிக்குக் கீழே, கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரில், மெல்லிய வெள்ளைக் கோடாகச் சீழ் படிந்திருந்தது.

அதன் பிறகுதான் வேலையைப் பற்றிக் கேட்டேன். "சோகை பட்டதா?" என்றதும் அவர் மனைவியைப் பார்த்தார். "அது பட்டது அதற்கு முந்தி ஆயிற்றே" என்றார். அவரைப் பொறுத்தவரை அது வேறு சங்கதி, இது வேறு சங்கதி.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

சிவந்த கண்ணுக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் இங்கே அடுக்கப்போவதில்லை. இவர் விஷயத்தில் நினைத்துப் பார்த்து ஒதுக்கியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வாமை எனில் அரிப்பு முன்னே நிற்கும், இரண்டு கண்ணிலும் இருக்கும். இவருக்கு அரிப்பே இல்லை. வெண்விழியில் இரத்தம் கசிந்து திட்டாகச் சிவப்பதும் அடிக்கடி வரும். இருமினாலோ கனமாகத் தூக்கினாலோ வரும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. மிரண்டு ஓடி வருபவர்களில் பாதிப்பேர் இவர்கள்தாம். இரத்த அழுத்தம் பார்த்து, இரத்தம் தானாகக் கரையும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். பயமுறுத்தும் சிவப்பு ஆபத்தில்லாமல் இருப்பதும், மங்கிய சிவப்பு ஆபத்தாக இருப்பதும் இந்தத் துறையில் சகஜம்.

இரண்டு நோய்களைத்தான் கவனமாக ஒதுக்க வேண்டியிருந்தது. முதலாவது, கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறும் கண் நீர் அழுத்த நோய். அதிலும் ஒரு கண்தான், வளையச் சிவப்புதான், கடும் வலிதான். கூடவே தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தியை வைத்துப் பித்தம் என்றும் தலைவலியை வைத்து ஒற்றைத் தலைவலி என்றும் எண்ணி, கண்ணையே பார்க்காமல் அனுப்பிவிடும் ஆபத்து அதில் உண்டு. அந்த நோயில் கருவிழி முழுக்கப் புகைபிடித்தாற்போல் மங்கும், கண்மணி நடுத்தர அளவில் விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். இவருக்குக் கண்மணி சிறியதாக இருந்தது, மெதுவாகவேனும் சுருங்கியது. பொட்டுப் பக்கமிருந்து டார்ச் அடித்தபோது கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலமான கருந்திரையின் மூக்குப் பக்கத்தில் நிழல் விழவில்லை, கருவிழிக்கும் கருந்திரைக்கும் இடையிலுள்ள முன்னறை ஆழமாகவே இருந்தது. விரலால் கண்ணை அமுக்கிப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நான் செய்யவில்லை. புண்ணால் மெலிந்த கருவிழியை அமுக்கினால் ஓட்டை விழக்கூடும்.

இரண்டாவது, கருந்திரை அழற்சி. அதற்கும் வளையச் சிவப்பு, கூச்சம், சின்னக் கண்மணி எல்லாம் உண்டு. நல்ல கண்ணில் டார்ச் அடித்தால் நோயுள்ள கண் வலிக்கும், இவருக்கும் வலித்தது. ஆனால் அந்த நோயில் ஃப்ளோரசீன் கறை பிடிக்காது. இவருடைய கண்ணுக்குள்ளும் அழற்சி இருந்தது, புண்ணின் விளைவாக வந்தது. இந்த இரண்டையும் பிரிக்காமல் "கருந்திரை அழற்சி" என்று முடிவு செய்தால் அதற்குத் தரப்படும் முதல் மருந்து ஸ்டீராய்டு. ஏற்கெனவே எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றியதாகிவிடும்.

ஆகக் கருவிழிப் புண். பாக்டீரியாவா, பூஞ்சையா? செடி பட்ட காயம், உலர்ந்த தோற்றம், இறகு விளிம்பு, துணைப் புள்ளிகள், ஸ்டீராய்டு விட்ட வரலாறு எல்லாம் பூஞ்சையின் பக்கம் சாய்ந்தன. தோற்றத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, சுரண்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நம் பகுதியில் இதை ஊகமாக விட்டுவிட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. மதுரையில் 1994இல் மூன்று மாதங்களில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் காயம் முந்தியிருந்தது. கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. பூஞ்சைகளில் ஃப்யூசேரியம் முதலிடம். குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அபூர்வம் என்று எழுதப்பட்டிருக்கும் நோய், கரும்பும் நெல்லும் விளையும் ஊரில் அன்றாட நோய்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஸ்டீராய்டு சொட்டை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். புட்டியை எறியாமல் மருத்துவமனைக்கு எடுத்துப்போகச் சொன்னேன். என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை அங்குள்ளவர்கள் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆன்டிபயாட்டிக் சொட்டு ஒன்றைத் தொடங்கி, இரண்டு நாள் கழித்து வரச்சொல்லலாம் என்ற யோசனை எங்கள் நிலையத்திலேயே எழுந்தது. ஆனால் மாதிரி எடுப்பதற்கு முன் மருந்து விட்டால் ஆய்வகத்தில் கிருமி வளர்வது குறையக்கூடும். பூஞ்சைக்கான மருந்தும் எங்கள் கையிருப்பில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "மருந்து கொடுத்துவிட்டார்கள்" என்ற நிம்மதியில் இவர் இன்னும் இரண்டு நாள் கொல்லைக்குப் போய்விடுவார். கடலூர் வந்து பஸ் மாறினால் புதுச்சேரிக் கண் மருத்துவமனை அன்று மதியத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். அதனால் மருந்து எதுவும் விடாமல் அன்றே அனுப்புவது என்று நிலைய மருத்துவரும் நானும் முடிவு செய்தோம். போக்குவரத்து இல்லாத மலைக்கிராமமாக இருந்தால் இந்த முடிவு வேறாக இருந்திருக்கும்.

கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டவில்லை. தொற்று உள்ள கண்ணை மூடிக் கட்டினால் உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிருமிக்குத்தான் வசதி. வெளிச்சம் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போதும்.

அனுப்புக் கடிதத்தில் "கண் சிவப்பு" என்று எழுதாமல், "வலது கருவிழிப் புண், சோகைக் காயம், எட்டு நாள் ஸ்டீராய்டு, பூஞ்சை எனச் சந்தேகம், கீழே சீழ்" என்று எழுதினோம். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் இந்த ஒரு வரி அவரை வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது என்று பின்னர் அவரே சொன்னார்.

புதுச்சேரியில்

அன்று மாலையே சுரண்டி எடுத்துவிட்டார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் உட்காரவைத்து, புண்ணின் ஓரத்திலும் அடியிலும் சிறு கத்தியால் சுரண்டி, ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டிலும் மற்றதை வளர்ப்புத் தட்டிலும் இட்டார்கள். தகட்டின் மேல் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி. அது திசுவைக் கரைத்துவிடும், பூஞ்சையின் சுவர் கரையாமல் நிற்கும். குறுக்குத் தடுப்புகளோடு கிளைவிட்ட இழைகள் தெரிந்தன. அரை மணி நேரத்தில் நோயின் பெயர் உறுதியாகிவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் தட்டில் வளர்ச்சி தெரிந்தது, பின்னர் ஃப்யூசேரியம் என்று எழுதினார்கள்.

கண்ணீர்ப் பையை அழுத்தி, சீழ் வருகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். அடைத்துச் சீழ்கட்டிய கண்ணீர்ப் பை இருந்தால் எந்தச் சொட்டு விட்டாலும் புண் ஆறாது. அது சுத்தமாக இருந்தது. சர்க்கரையும் இல்லை.

ஐந்து சதவீத நடாமைசின் சொட்டு, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை. கண்மணியை விரியவைத்து வலியைக் குறைக்க ஹோமாட்ரோபின். இந்தத் தேர்வுக்குப் பின்னால் நம் பகுதி நோயாளிகளின் பங்கு இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரைச் சேர்த்து நடந்து 2013இல் வெளியான ஆய்வு, இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு நடாமைசினையும் புதிய மருந்தான வோரிகொனசோலையும் ஒப்பிட்டது. பழைய நடாமைசினே மேல் என்று வந்தது. ஃப்யூசேரியத்தில் வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது.

ஒரு வாரம் உள்நோயாளியாக இருந்தார். சீழ் குறைந்தது, புண்ணின் விளிம்பு மழுங்கத் தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் ஏற்பட்ட பின்னடைவு

வீட்டில் மருந்து விடும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். கைப்பேசியில் மணிக்கொரு அலாரம். அவள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அம்மா. ஒரு வேளைகூடத் தவறவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அடுத்த பரிசோதனையில் புண் சுருங்கவில்லை, ஒரு பக்கம் சற்று நீண்டிருந்தது. மருந்து வேலை செய்யவில்லை, கருவிழி மாற்று அறுவைக்குப் போக வேண்டியதுதானா என்ற பேச்சு வந்தது.

அங்கிருந்த செவிலியர் ஒருவர், "எப்படி விடுகிறீர்கள், விட்டுக் காட்டுங்கள்" என்றார். மகள் புட்டியைத் திறந்து, அப்பாவின் கீழிமையை இழுத்து, ஒரு துளி விட்டாள். துளி தண்ணீர்போல் தெளிவாக இருந்தது.

நடாமைசின் நீரில் கரையாது. பால்போல் கலங்கிய நிலையில்தான் அதை விட வேண்டும். சற்று நேரம் வைத்தால் மருந்து அடியில் சுண்ணாம்பு போலப் படிந்துவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும். குலுக்காமல் விட்டால் கண்ணில் விழுவது பெரும்பாலும் அந்த நீர்தான். மருத்துவமனையில் செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டே விட்டார்கள், அதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. புட்டியில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில், கடுகெழுத்தில். இதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. முதல் சில நாட்கள் மருந்து கலங்கலாகவே விழுந்தபோது இமையோரத்திலும் புண்ணின் மேலும் வெள்ளையாக மருந்து படிந்தது. அதைச் சீழ் என்று எண்ணி ஈரத்துணியால் துடைத்து எடுத்தார்கள். "மருந்து விட்டால் வெள்ளை கூடுகிறதே" என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்ல, அசையாமல் வைத்துத் தெளிந்த மருந்தை மட்டும் விடுவது நல்லது என்று முடிவெடுத்தது அம்மா. அவர் நினைப்பில் அது சுத்தம்.

இதைக் கண்டுபிடித்த பிறகு புண்ணின் மேற்பரப்பை மீண்டும் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். நடாமைசின் ஆழமாக ஊடுருவாத மருந்து என்பதால், மேலே உள்ள சிதைந்த திசுவை நீக்கினால் உள்ளே போக வழி கிடைக்கும். மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை. சுரண்டியதைத் தவிர, குலுக்குவது மட்டும் மாறியது. அடுத்த வாரத்திலிருந்து புண் சுருங்கத் தொடங்கியது.

விளைவு

தொடங்கி ஏழு வாரங்களில் ஃப்ளோரசீன் கறை பிடிப்பது நின்றது. அதன் பிறகும் சில வாரங்கள் மருந்தைக் குறைத்துக்கொண்டே தொடர்ந்தார்கள். புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. ஊரார் மொழியில் கண்ணில் பூ விழுந்துவிட்டது. தழும்பு கண்மணிக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே இருந்ததால் பார்வை 6/36 வரை மீண்டது. விரல் எண்ணும் நிலையிலிருந்து அது பெரிய மீட்சி. ஆனால் 6/6 ஆக இருந்த கண் என்பதையும் மறக்க முடியாது. கருவிழி மாற்று அறுவை இப்போதைக்கு வேண்டாம், ஓராண்டு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் தையில் அவர் கொல்லைக்குள் இறங்கவில்லை. ஆலையின் வெட்டு உத்தரவு வந்தபோது மனைவியே நின்று வெட்டு ஆட்களை வைத்துக் கரும்பை ஏற்றினார். வண்டி ஓட்டும்போது வலப்பக்கம் வருவது தாமதமாகத்தான் தெரிகிறது என்கிறார்.

மாற்றியவையும் மாறாதவையும்

எங்கள் நிலையத்தில் கண் சிவந்து வருகிறவர்களுக்கான சீட்டில் இப்போது நான்கு கேள்விகள் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன: கண்ணில் ஏதாவது பட்டதா, கண்ணில் என்னென்ன விட்டீர்கள், புட்டி எங்கே, துடைத்த பிறகும் பார்வை மங்கலா. முதல் கேள்வியை "அடிபட்டதா" என்று கேட்டால் பதில் எப்போதும் "இல்லை"தான். "சோகை, உமி, தூசு, மாட்டு வால் ஏதாவது பட்டதா" என்று ஊர்ப் பேச்சில் கேட்க வேண்டும். மாட்டு வால் என்று எழுதியதற்குச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கே பால் கறக்கும்போது பட்டிருந்தது.

பார்வை மங்கல், கடும் வலி, வெளிச்சக் கூச்சம், கருவிழியில் வெள்ளை, ஒரு கண்ணில் மட்டும் சில நாட்களாக நிற்கும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புகிறோம். மெட்ராஸ் ஐ பரவும் வாரங்களில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம். அந்த வாரங்களில்தான் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பாகத் தெரியும்.

மருந்துக்கடைகளிடம் பேசியிருக்கிறோம். டெக்சாமெத்தசோன் கலந்த கண் சொட்டு அட்டவணை எச் மருந்து, மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் அவர்களுக்குத் தெரியாதது அல்ல. "கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்" என்பதே பதில். ஒரு கடையில் மட்டும், கண் சிவப்பென்று வந்தால் எங்கள் நிலையத்தின் கிழமைகளைச் சொல்லி அனுப்புகிறார்கள்.

நடாமைசின் புட்டியோடு வீட்டுக்குப் போகிறவர்கள் எங்களிடம் வந்தால், குலுக்கி, துளி வெள்ளையாக விழுகிறதா என்று அவர்கள் கையாலேயே விட்டுக் காட்டச் சொல்கிறோம். இமையில் படியும் வெள்ளை மருந்துதான், அழுத்தித் துடைக்கக் கூடாது என்பதையும் சொல்கிறோம்.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயம் இன்னும் தீரவில்லை. விட்டம் கட்டும்போதும் சோகை உரிக்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. கரும்புக்கொல்லையின் புழுக்கத்தில் முழுக்க மூடிய கண்ணாடி சில நிமிடங்களில் வியர்வையால் மங்கிவிடுகிறது, மங்கியதும் நெற்றிக்கு ஏறிவிடுகிறது. பக்கவாட்டில் காற்று போகத் துளை வைத்த சாதாரணக் கண்ணாடிகளை இந்தப் பருவத்தில் சிலரிடம் கொடுத்திருக்கிறோம். நோயாளி ஒன்றை வாங்கிக்கொண்டார், வலது கண்ணுக்காக இல்லை, இடது கண்ணுக்காக என்றார்.